மாமனார் முழங்கையும் மாப்பிள்ளையின் மட்டையும்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒருவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் எதிரில் உட்காருவார். டென்னிஸ் ஆடுகிறவர். வலி முழங்கையின் வெளிப்பக்கத்தில். குவளையைத் தூக்கினால் வலிக்கும், கதவுப் பிடியைத் திருகினால் வலிக்கும். கற்றபடி நீங்கள் அழுத்திப் பார்ப்பீர்கள், மணிக்கட்டை எதிர்த்துத் தள்ளச் சொல்வீர்கள், நோயின் நீளமான பெயரைப் பிழையில்லாமல் எழுதுவீர்கள். அதுவரை எல்லாம் சரி. பிறகு அவர் கேட்பார்: "எந்த ரெக்கெட் வாங்கினா கை வலிக்காது?" பிசியோதெரபிப் பட்டம் அந்த இடத்தில் முடிந்துவிடும். மீதியை ஊகத்தால் நிரப்புவீர்கள்.

பினாங் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவில், ஓய்வு பெறும்வரை அந்த ஊகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அவற்றில் மிகவும் பிரபலமானது "லேசானதா பாத்து வாங்குங்க" என்பது. நோயாளிக்கு இது உடனே பிடித்துப்போகும். நோகிற கைக்கு லேசான பொருள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பறந்து வரும் பந்துக்கு அந்த நியாயம் புரியாது. கனமான மட்டை மோதலில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். லேசான மட்டை வந்ததை அப்படியே கைக்கு அனுப்பிவிடும். அந்தக் கொஞ்ச எடையும் தலைப்பக்கம் குவிந்திருந்தால் இன்னும் மோசம். தன்னால் சமாளிக்க முடிகிற அளவுக்குக் கனமாக, எடை கைப்பிடிப் பக்கம் சாய்ந்ததாக வாங்கச் சொல்லுங்கள். நோயாளி உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இரண்டாவது ஊகம், "விலை கூடினதா வாங்குங்க." விலை கூடியவற்றில் பல, பந்து இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று விறைப்பாகச் செய்யப்பட்டவை. மோதும்போது மட்டையின் சட்டம் வளைய வேண்டும். அது வளையாவிட்டால் அடுத்ததாக வரிசையில் நிற்பது உங்கள் நோயாளியின் முழங்கை. விறைப்புக்கென்று ஓர் எண் உண்டு. அறுபதை ஒட்டி இருந்தால் நல்லது. எழுபதை நெருங்கினால் மட்டையோடு உங்கள் பிரிவின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து விற்கலாம். கடைக்காரரிடம் இந்த எண்ணைக் கேட்டால் அவர் மட்டையின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்.

மட்டையின் நரம்புகளுக்கு நடுவே செருகும் சின்ன ரப்பர்த் துண்டை நம்புகிறவர்களும் உண்டு. அது சத்தத்தைக் குறைக்கும். காது வலிக்கிறவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். நரம்பு விஷயத்தில் நடக்கும் கூத்து வேறு. தொலைக்காட்சியில் ஆடுகிற இருபது வயது வீரர் கம்பி மாதிரியான பாலியெஸ்டர் நரம்பை இறுகக் கட்டி ஆடுகிறார் என்பதற்காக, தொப்பையைத் தூக்கிக்கொண்டு இரட்டையர் ஆட்டம் ஆடும் பல் மருத்துவரும் அதையே கட்டிக்கொள்வார். வீரருக்குக் கூடவே ஒரு பிசியோ பயணம் செய்கிறார். பல் மருத்துவருக்கு நாம்தான். பல இழைகள் சேர்த்த மென்மையான நரம்பை வாங்கிச் சற்றுத் தளர்த்திக் கட்டியிருந்தால் நான் பார்த்த முழங்கைகளில் பாதி என்னிடம் வந்தே இருக்காது. பிடியும் கைக்குப் பொருந்த வேண்டும். ஒல்லியான பிடியை நழுவாமல் வைத்துக்கொள்ள ஆட்டம் முழுவதும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதன் விலையை முழங்கை கொடுக்கும்.

இவ்வளவும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியவை. இதைத் தெரிந்துகொண்டதும் நீங்கள் நிபுணர் ஆகிவிட்டதாக உங்களுக்கே தோன்றும். ஷாகுல் போன்ற ஒருவர் வரும்வரை அந்த எண்ணத்தை அனுபவியுங்கள்.

ஷாகுல் சுங்கை பினாங் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர். காலையில் தானே கல்லின் முன்னால் நின்று ரொட்டி வீசுவார். மாலையில் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு டென்னிஸ் ஆடப் போவார். என்னைவிடச் சில வயது இளையவர் என்பதால் வந்த நிமிடத்திலிருந்தே நான் அவருக்கு அக்கா. என்னிடம் வருவதற்குமுன் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்திருந்தார். அந்த மருத்துவர் ரொட்டி என்ற சொல்லைக் கேட்டதும் விசாரணையை முடித்துக்கொண்டார். ஓர் ஊசி போட்டு, ரொட்டி வீசக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ரொட்டிதான்லா அக்கா காரணம். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு."

"எத்தனை வருசமா வீசுறீங்க?"

"எனக்கு மீசை மொளைக்கல அப்போ. எங்க அத்தா கல்லுக்கு முன்னாடி நிக்க வச்சாரு."

"இத்தனை வருசம் வலிக்கலையே?"

"வயசாயிருச்சில்லக்கா."

வயது என்பது நம் தொழிலின் குப்பைத்தொட்டி. காரணம் தெரியாததையெல்லாம் அதில் போட்டு மூடிவிடலாம். நோயாளியே எடுத்துக் கொடுக்கும்போது நமக்கு இன்னும் வசதி.

ரொட்டியை நிறுத்தினார். கல்லுக்கு ஒரு சம்பள ஆளைப் போட்டார். அந்த ஆள் சுட்ட ரொட்டியைப் பற்றி வாடிக்கையாளர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. எங்கள் பிரிவில் ஷாகுலின் கைக்குச் சிகிச்சை நடந்தது, பயிற்சிகள் கொடுத்தோம், அவரும் ஒழுங்காகச் செய்தார். ஒரு மாதம் கழித்து வலி கூடியிருந்தது.

குற்றவாளி என்று சொன்னவனை உள்ளே தள்ளிப் பூட்டிய பிறகும் திருட்டு நடக்கிறது என்றால், வேறு ஆளைத் தேட வேண்டும். என் பிரிவில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. சிகிச்சை இயந்திரத்தில் இன்னும் சில நிமிடம் கூட்டி வைக்கலாம் என்று நினைத்தார்கள்.

நான் ஷாகுலிடம், "கொஞ்ச மாசமா உங்க வாழ்க்கையில வேற என்ன புதுசு?" என்று கேட்டேன்.

"என்னா புதுசு? மாப்பிள்ளைதான் புதுசு!" என்று உரக்கச் சிரித்தார். மகள் நஸீராவுக்கு அந்த ஆண்டுதான் கல்யாணம் முடித்திருந்தார்.

நானும் சிரித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது மட்டையை எடுத்துவரச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. இப்படி மட்டையைக் கேட்பதை நம் நடைமுறைக் கையேடு எதிலும் பார்க்க மாட்டீர்கள். வலிக்கிற கையை எக்ஸ்ரே எடுப்போம், ஸ்கேன் எடுப்போம், மூன்று கோணத்தில் அளப்போம். அந்தக் கை தினமும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டோம். படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை என்பதால்.

மட்டை வந்தது. நல்ல மட்டை. கனம் இருந்தது, சட்டம் இணங்கி வளைந்தது. இதையா குற்றம் சொல்வது என்று யோசித்தபடி பிடித்துப் பார்த்தேன். கைப்பிடியில் சுற்றியிருந்த பட்டை நம் ஊர் ஈரத்தில் இளகி, உள்ளங்கையில் கருப்பாக ஒட்டிக்கொண்டது. தினமும் கைபடுகிற பிடி அப்படி ஆகாது. உறையைத் திறந்து பார்த்தேன். அடியில் பல்லி முட்டைகள், ஒன்றுகூட உடையாமல்.

"இதுலதான் தினம் ஆடுறீங்களா?"

"ஆமாக்கா. தினம்."

"பல்லி ஒண்ணும் சொல்லலையா?"

எட்டிப் பார்த்தார். மெதுவாக உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"கதவச் சாத்துங்கக்கா," என்றார்.

கதவைச் சாத்தியதும் எல்லாம் வெளியே வந்தது. மாப்பிள்ளை ரிஸ்வான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். சொந்த ஊர் கெடா. கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு வந்தபோது, மாமனார் டென்னிஸ் ஆடுவார் என்று கேள்விப்பட்டு, வாரக்கணக்கில் காணொளிகளைப் பார்த்து, ஒப்பிட்டு, ஒரு புதிய மட்டை வாங்கி வந்திருந்தார். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் அதை மாமனார் கையில் கொடுத்தார். லேசானது, விறைப்பானது, கருப்புப் பாலியெஸ்டர் நரம்பு இறுகக் கட்டியது. ஆட்டத்தைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள அதுதான் சிறந்தது என்று காணொளியில் யாரோ சொன்னார்களாம். முழங்கையைக் கெடுக்க என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

"எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. எப்படி இருக்கு மாமான்னு கேட்டாரு. ஃபர்ஸ்ட் கிளாஸ் மாப்பிள்ளைனுட்டேன். இப்போ போயி எப்படிலா மாத்திச் சொல்றது?"

"கை வலிக்குதுன்னு சொல்லுங்க."

"அவரே கேட்டாரு. ரொட்டினு சொல்லிட்டேன்."

"அப்போ கொஞ்ச நாள் ஆடப் போகாதீங்க."

"அவருக்கு இங்க பழகுன ஆளே கெடையாதுக்கா. வேலை விட்டா என்கூடத்தான் ஆட வர்றாரு. நான் போகலைனா அங்க தனியா நிப்பாரு. பாவமா இருக்கும்."

"இந்தப் பழசுல ஆடுங்க."

"அலாமாக்! புதுச ஏன் மாமா விட்டீங்கன்னு கேக்க மாட்டாரா?"

வெளியேறும் வழி ஒவ்வொன்றையும் தானே ஆணி அடித்து மூடி வைத்திருந்தார். இதற்கே நான் பொறுமை இழந்துகொண்டிருந்தபோது, மிச்சத்தையும் சொன்னார். கடையை விட்டுவிடப் போகிறார். பாலத்துக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை சாவி கைமாறும். அந்த ஆளைத் தேடிக் கொடுத்ததும் ரிஸ்வான்தான்.

"கை இப்படி இருக்கே மாமா, இனிமே கல்லுப் பக்கம் போகாதீங்க, ரெஸ்ட் எடுங்கன்னு அவரே அலைஞ்சு ஆள் புடிச்சாரு. தங்கமான புள்ளக்கா."

தங்கமான பிள்ளை கொடுத்த மட்டை மாமனாரின் கையை வாங்கிவிட்டது. அதே தங்கமான பிள்ளை இப்போது கடையையும் கைமாற்றிவிடப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டையில் சொல்லிவிடுகிற வாக்கியம்: எனக்கு இது பிடிக்கவில்லை. அதைச் சொல்வதைவிடத் தகப்பன் காலத்துக் கல்லை அடுத்தவனுக்குக் கொடுப்பது இவருக்கு எளிதாக இருந்தது. நம் ஆண்களின் வீரத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசும்போது எனக்கு இந்த முகம் நினைவுக்கு வரும்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. நஸீராகிட்டகூட," என்றார். சொல்ல மாட்டேன் என்றேன்.

என் பிரிவில் ஓர் இளைஞர் இருந்தார், உங்களைப் போலவே சுறுசுறுப்பானவர். பெயர் எதுவும் சொல்லாமல் சிக்கலை மட்டும் அவரிடம் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மருமகனுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சிடும் மேடம்," என்றார். ஆமாம், முடிந்துவிடும். அந்த நோயாளி அதன்பிறகு எந்த மருத்துவரிடமும் உண்மை பேச மாட்டார். அறைக்குள் சொன்னது அவருடைய சொத்து. அது முட்டாள்தனமான சொத்தாக இருந்தாலும் நமக்கு அதை எடுத்துச் செலவழிக்க உரிமை கிடையாது. இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள்தான், அவசரம் என்று வந்தால் முதலில் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை நஸீரா வந்தாள். நோயாளி இல்லாமல் தனியாக. உட்காரச் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தா உங்ககிட்ட என்னமோ சொல்லிருக்காரு. அன்னைக்கு இங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து வீட்ல ரொம்ப சிரிக்கிறாரு. அவருக்கு மனசு சரியில்லனாதான் அப்படி சிரிப்பாரு."

"கைக்குத்தான் நான் வைத்தியம் பாக்குறேன்மா."

"கடை சாவி வெள்ளிக்கிழமை குடுக்கணும். குடுத்துட்டா அவரு அவ்ளோதான்கா. நேத்து நான் வீட்ல தோசை போட்டுட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னு, கல்லு சூடு பத்தலன்னு சொல்றாரு. கண்ணு கலங்குது. தோசைக்கா யாராவது அழுவாங்க? ரொட்டி காரணம் இல்லைனா ஒரு வார்த்தை சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் கடை தப்பும், எனக்கும் வீட்டுக்குப் போக நேரமாயிற்று. இப்படியான தருணத்தில்தான் நீங்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நிற்பீர்கள். சொல்லக்கூடாது என்பது சட்டம். சொல்லாவிட்டால் ஒருவர் தன் பிழைப்பை வெள்ளிக்கிழமை கையளித்துவிடுவார் என்பது நிலைமை. "அப்பா சொன்னத அப்பாதான்மா சொல்லணும்," என்றேன்.

"அப்போ ஏதோ இருக்கு," என்றாள் உடனே. கெட்டிக்காரப் பெண்.

பேச்சை மாற்ற, "உங்க வீட்டுக்காரர் ஃபேக்டரியில என்ன வேலை?" என்று கேட்டேன்.

"டெஸ்டிங். உள்ள வர்ற சாமான் சரியா இருக்கான்னு அளந்து பாக்குற வேலை. வீட்லயும் அதே புத்திதான்கா. சோத்துக்குத் தண்ணி வச்சாக்கூட அளப்பாரு. நாம வாயால சொன்னா நம்ப மாட்டாரு, நம்பர் வேணும்."

நான் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்காமல் அனுப்பியது இன்றும் உறுத்துகிறது. அந்தப் பதிலுக்கு அதையாவது செய்திருக்க வேண்டும்.

மறுநாள் ஷாகுலை வரவழைத்தேன். பிடியின் வலுவை அளக்கும் கருவியை மேசைமேல் வைத்தேன். கையால் அமுக்கினால் எவ்வளவு வலு என்று முள் காட்டும். எல்லாருக்கும் தெரிந்த எளிய சாமான். உங்கள் அலமாரியில் எங்காவது தூசி படிந்து கிடக்கும்.

"ஒரு சோதனை செய்யணும். மூணு மட்டை. எது எதுன்னு தெரியாம மறைச்சு வச்சிருப்பேன். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் பந்து அடிப்பீங்க. அடிச்சதும் இத அமுக்கணும். மாப்பிள்ளைதான் பந்து போடுவாரு, முள்ளயும் அவர்தான் படிப்பாரு."

முகம் மாறியது. "நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டீங்கல்ல?"

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா முள்ளு என்ன காட்டும்னு நான் பொறுப்பு எடுக்க முடியாது. அதுல தெரிஞ்சா தெரிஞ்சதுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சம்மதமா?"

யோசித்தார். யோசித்ததெல்லாம் தன் கையைப் பற்றித்தான். விரல்களை விரித்து மூடிப் பார்த்தார். "அக்கா, தினம் அத்தனை கிலோ மாவு பிசைஞ்ச கை இது. வலிச்சாலும் வெளிய தெரியாம அமுக்கிருவேன். வைங்க சோதனைய," என்றார்.

மனிதர்களின் அகந்தையைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். அறிவுரையால் நகராதவர்கள் அதனால் நகர்வார்கள்.

புதன்கிழமை மாலை பொதுத் திடலில் கூடினோம். பரிசு மட்டையின் நரம்பு கருப்பு என்பதால் மற்ற இரண்டுக்கும் கருப்பிலேயே மென்மையான நரம்பு போட வைத்திருந்தேன். ஒன்று ஷாகுலின் பழைய மட்டை, பல்லிக் குடும்பத்தைக் காலி செய்துவிட்டுப் புதிய பிடிச்சுற்றும் போட்டது. இன்னொன்று விளையாட்டுச் சாமான் கடையில் இரவல் வாங்கியது, கனமும் இணக்கமும் உள்ளது. மூன்றின் சட்டத்திலும் கருப்புத் தாள் ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதியிருந்தேன். பரிசு மட்டை இரண்டாம் எண்.

ரிஸ்வான் ஒல்லியான, பணிவான பையன். சோதனை என்றதும் கண் விரிந்தது. "நான் வாங்கிக் குடுத்தது இதுல இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"எது எதுன்னு சொன்னா சோதனை கெட்டுடும்."

"கரெக்ட், கரெக்ட்," என்று மதிப்போடு தலையாட்டினார். நஸீரா ஓரத்து பெஞ்சில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நோகிற கையை ஆடவிட்டீர்களா என்று கேட்பீர்கள். அவர் எப்படியும் அன்று மாலை அந்த மட்டையோடு ஆடத்தான் போகிறார், அதுவும் முழு ஆட்டம். நான் அனுமதித்தது மெதுவான சில பந்துகள்.

முதல் மட்டையில் அடித்துவிட்டு, கையை நீட்டிக் கருவியை அமுக்கினார். ரிஸ்வான் முள்ளைப் படித்துக் கைபேசியில் குறித்துக்கொண்டார். "எப்படி இருக்கு மாமா?"

"சுமார் மாப்பிள்ளை."

இரண்டாவது மட்டையை வாங்கினார். முதல் பந்து பட்டதும் எழுந்த டங்கென்ற ஒலியிலேயே அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அடித்து முடித்தார். மேலுதட்டில் வியர்வை.

"எப்படி மாமா?"

"இதுதான் மாப்பிள்ளை பெஸ்ட்! கையே தெரியல!"

"அமுக்குங்க."

அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்தார். முள் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. வலியை முகத்திலிருந்து மறைக்கலாம். வலிக்கிற இடத்தோடு கட்டுண்ட தசையைப் பொய் சொல்லவைக்க முடியாது. வாய்க்குத்தான் மாப்பிள்ளை என்ற உறவு உண்டு. முழங்கை அந்த விருந்துக்கு வரவில்லை.

"இன்னும் அமுக்குங்க மாமா."

"அமுக்கிட்டேன்லா."

"முன்னாடி வந்ததுல பாதிகூட வரலையே?"

"வேர்வை. வழுக்குது."

துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். இன்னும் குறைந்தது. ரிஸ்வான் முகம் சுளித்து என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கொஞ்சம் ஓய்வு கொடுத்து மூன்றாவது மட்டை. முள் முதல் மட்டைக்குப் பக்கத்தில் ஏறியது.

"வரிசையினால வந்த வித்தியாசமா இருக்கலாம் மேடம்," என்றார் எஞ்சினியர். "ரெஸ்ட் குடுத்துட்டு வரிசைய மாத்திச் செய்யணும்." நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டார். மூன்று, இரண்டு, ஒன்று என்று மாற்றிச் செய்தோம். இரண்டில் முள் மறுபடியும் படுத்துக்கொண்டது. ஷாகுல் மறுபடியும், "இதான் பெஸ்ட்," என்றார்.

ரிஸ்வான் கைபேசியில் எழுதியதைப் பார்த்தார். மாமனார் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாம் எண் மட்டையை எடுத்து, ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கருப்புத் தாளை உரித்தார். அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. அவர் வாரக்கணக்கில் தேடித் தேர்ந்தெடுத்த நிறம்.

முதலில் பேசியவர் ஷாகுல்தான்.

"மீட்டர் ரிப்பேர் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி சாமான்தானே."

ரிஸ்வான் கருவியை வாங்கித் தன் கையால் அமுக்கிப் பார்த்தார். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா." கருவியைக் கீழே வைத்துவிட்டு, "எப்போலேர்ந்து வலிக்குது?" என்றார்.

"அது வந்து... விருந்துக்கு அடுத்த வாரத்துலேர்ந்து."

"ரொட்டினு சொன்னீங்களே."

"ரொட்டினா உங்களுக்குச் சங்கடம் இல்லல்ல."

"அதுக்காகக் கடையையா குடுக்கப் போனீங்க? நான் அந்த ஆளைத் தேடி எத்தனை தடவ பாலம் தாண்டிப் போனேன் மாமா!" அந்தப் பணிவான பையனின் குரல் உயர்ந்ததை அன்றுதான் அந்தக் குடும்பம் கேட்டது என்று நினைக்கிறேன். "நான் எதக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்களா? அப்போ நான் வாங்கிட்டு வர்ற மீனு? நான் புடிச்ச வீடு? நஸீரா, நீயும் அப்படித்தான் சொல்றியா?"

"அதெல்லாம் இல்ல," என்றாள் நஸீரா. ஒரு கணம் தாமதித்துச் சொன்னாள். அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் அந்தக் கணத்தையும் அளந்திருப்பார்.

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போனார். பாகான் டாலாம் ஆளிடம் பேசுவது எங்களுக்குக் கேட்டது. மன்னிக்கணும், கடை இல்லை, மாமாவுக்குக் கை சரியாயிரும், அவரே பாத்துக்குவாரு. எதிர்முனை கத்தியிருக்க வேண்டும். இவர் நிறைய முறை மன்னிப்புக் கேட்டார். ஷாகுல் பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, வலது உள்ளங்கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நஸீரா என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அதை அவளும் கவனித்திருந்தாள்.

ரிஸ்வான் திரும்பி வந்தார். முதல் எண் மட்டையின் தாளை உரித்தார். உறையில் பல்லி முட்டைகளோடு கிடந்த அதே பழைய மட்டை. உங்கள் நோயாளிகளில் பலருக்கும் இதுதான் விடை. புதிய மட்டைக்கு ஐந்நூறு வெள்ளி செலவழிப்பதற்கு முன்னால், பழையதில் நரம்பையும் பிடிச்சுற்றையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதுல கொஞ்சம் அடிங்க மாமா. மெதுவா," என்று அதைக் கொடுத்துவிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் போய் நிதானமாகப் பந்து போட்டார். ஷாகுல் அடித்தார். பந்துகள் சத்தமில்லாமல் போயின. போதும் என்று கையைக் காட்டிவிட்டு ரிஸ்வான் வலையைச் சுற்றி வந்தார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

ஷாகுல் முகம் மலர்ந்து வாயைத் திறந்தார். ரிஸ்வான் கையை உயர்த்தித் தடுத்து, கருவியை அவர் முன்னால் நீட்டினார்.

"வாயால வேணாம் மாமா. இத அமுக்குங்க."